வாங்கி முடிக்கும் வரை: இணையக் கடையும் மாற்றுத்திறனாளிகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக ஆற்றிய உரையின் திருத்திய வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் ஜவுளிக் கடை நடத்தியவர் என்று அழைப்புக் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் கணினித் துறையில் பாடம் நடத்துகிறவள். மனிதர்கள் கணினியையும் கைபேசியையும் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதே என் ஆய்வு. அவருடைய தொழிலும் என் துறையும் சந்திக்கிற இடம் இணையக் கடை என்பதால் அதையே இன்றைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். அதிலும் ஒரே ஒரு கேள்விதான். கண் தெரியாத ஒருவர், காது கேளாத ஒருவர், கை நடுங்குகிற ஒருவர், எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருவர், இவர்கள் அந்தக் கடையில் யார் துணையும் இல்லாமல் ஒரு பொருளை வாங்கி முடிக்க முடிகிறதா?

‘வாங்கி முடிக்க’ என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இதைக் கேட்டால் நிறுவனங்கள் பெரும்பாலும் முகப்புப் பக்கத்தைத்தான் காட்டும். எழுத்தைப் பெரிதாக்கலாம், படங்களுக்கு விளக்கம் இருக்கிறது என்பார்கள். அது போதாது. ஓர் இணையக் கடையை முழுக் கொள்முதலை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் வாதம். தேடுவது, தேர்ந்தெடுப்பது, கூடையில் போடுவது, பணம் கட்டுவது, பொருளைக் கையில் வாங்குவது, பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புவது, இத்தனையும் நடந்தால்தான் அந்தக் கடை அவருக்குத் திறந்திருக்கிறது. நடுவில் ஒன்று நின்றுபோனால் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

இதற்கு ஆதாரம் உண்டு. டபிள்யூ3சி என்ற அமைப்பு வலைத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான நெறிமுறைகளை 1999-இல் முதலில் வெளியிட்டது. 2008-இல் அதன் இரண்டாம் பதிப்பும், 2018-லும் 2023-லும் விரிவாக்கங்களும் வந்தன. உலகில் இன்று பல நாட்டுச் சட்டங்கள் இந்த நெறிமுறைகளைத்தான் சுட்டுகின்றன. 2008 பதிப்பில் ஒரு விதி இருக்கிறது. பல பக்கங்கள் சேர்ந்து ஒரு வேலையாக அமைந்தால், அந்த வரிசையில் எல்லாப் பக்கங்களும் தேறினால்தான் எந்த ஒரு பக்கமும் தேறியதாகும். அந்த விதிக்கு அவர்கள் எடுத்துக்காட்டியிருப்பது எதை? பொருளைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கிப் பணம் கட்டுவதில் முடிகிற இணையக் கடையைத்தான். படத்துக்கு விளக்கம் எழுதுங்கள் என்ற விதியை எல்லோரும் சொல்கிறார்கள். இந்த விதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நான் இன்று சொல்லப்போகும் ஆறு செய்திகளுக்கும் இதுவே அடிப்படை.

1. சரக்கைச் சொல்லில் விரித்தல்

ஜவுளிக் கடையில் புடவையை விரிக்கிறவருக்கு வாய் ஓயாது. “அரக்குல மாம்பழக் கலர் கரைம்மா, கோர்வை. முந்தி பூரா ஜரிகை. உடம்புல சின்னச் சின்னதா புட்டா போட்டிருக்கு.” கிளிப்பச்சை, மயில்கழுத்து, கனகாம்பரம், வெங்காயத்தோல் நிறம் என்று நம் கடைக்காரர்கள் நிறத்துக்கு வைத்திருக்கும் பெயர்களுக்குக் கணக்கில்லை. பார்வையற்ற ஒரு பெண் அந்தக் கடையில் உட்கார்ந்தால், பாதிப் புடவை அந்தச் சொற்களிலிருந்து கிடைக்கும். மீதியைக் கரையில் விரலை ஓட்டித் தெரிந்துகொள்வார். இணையத்தில் விரலுக்கு வேலையில்லை. ஆகவே சொல்தான் முழுப் புடவையையும் தர வேண்டும்.

நடப்பது என்ன? என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருவருக்குப் பார்வை இல்லை. அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்குப் புடவை எடுக்க ஒரு செயலியைத் திறந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வேகமாகப் பேசத் தொடங்கியது. “இமேஜ். இமேஜ். சில்க் சாரி மல்ட்டிகலர். இமேஜ்.” ஒரு புடவையைத் தொட்டு உள்ளே போனார். “ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.” அடுத்து, “அன்லேபிள்டு பட்டன். அன்லேபிள்டு பட்டன். அன்லேபிள்டு பட்டன்.” மாணவி என்னைக் கேட்டார்: “இதுல எது மேடம் விலை?”

எனக்குத் திரை தெரிந்தது. முதல் தொகையின் மேல் ஒரு கோடு போட்டிருந்தது. அது பழைய விலை என்று கண்ணுள்ள எவருக்கும் நொடியில் புரியும். ஆனால் திரைவாசிப்பான்கள் வழக்கமாக அந்தக் கோட்டை வாசிப்பதில்லை. பெயரில்லாத மூன்று பட்டன்களும் மூன்று நிறங்கள்; வட்ட வட்டமாக வண்ணம் பூசி வைத்திருந்தார்கள், பெயர் எழுதவில்லை. மூன்றாவது நிறம் கைவசம் இல்லை என்பதைச் சாம்பல் பூசித் தெரிவித்திருந்தார்கள். அதுவும் அவருக்குத் தெரிய வழியில்லை.

பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு நிறம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. அம்மாவுக்கு ஏற்கெனவே பச்சையில் எத்தனை புடவை இருக்கிறது, அறுபதாம் கல்யாணத்துக்கு எந்த நிறம் எடுப்பார்கள், கறுப்பு எடுத்தால் அத்தை என்ன சொல்வார், எல்லாம் அந்த மாணவிக்குத் தெரியும். நிறம் கண்ணில் மட்டும் இல்லை, குடும்பத்திலும் ஊரிலும் இருக்கிறது. அதைத் தெரிந்து வாங்கும் உரிமை அவருக்கும் உண்டு.

சரிசெய்வது கடினமே இல்லை. படத்துக்குப் பின்னால் ஒரு வரி: “அரக்குப் பட்டுப்புடவை, மாம்பழ மஞ்சள் கோர்வைக் கரை, முந்தியில் அன்னப்பட்சி வரிசை.” விலைக்கு முன்னால் இரண்டு சொல்: “பழைய விலை”, “இப்போதைய விலை”. நிறப் பட்டனுக்கு ஒரு பெயர், “கைவசம் இல்லை” என்ற குறிப்பு. ஆடித் தள்ளுபடி அறிவிப்பை முழுக்க முழுக்கப் படமாகப் போடாமல் எழுத்தாகவும் போடுங்கள். தமிழில் எழுதிய பக்கத்துக்கு மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் ஆங்கிலக் குரல் நம் எழுத்தைச் சிதைத்து வாசிக்கும், அல்லது தாண்டிப் போய்விடும். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் 2006 முதல் இருக்கிறது, அதனுடன் வரும் குரல்களில் தமிழும் உண்டு. படிக்க வாசகர் தயாராக இருக்கிறார். வாசிக்க ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2. விரலும் விசையும்

மவுஸைப் பிடிக்க எல்லோராலும் முடியாது. பார்வையற்றவர்கள் விசைப்பலகையில்தான் வேலை செய்கிறார்கள். பக்கவாதத்தில் ஒரு கை செயலிழந்தவர், பார்க்கின்சன் நோயில் கை நடுங்குகிறவர், ஒரே ஒரு சுவிட்சைத் தலையால் தட்டிக் கணினியை இயக்குகிறவர், எல்லோருக்கும் தேவை ஒன்றுதான்: மவுஸால் செய்ய முடிகிற எதையும் விசையாலும் செய்ய முடிய வேண்டும்; செய்கிறபோது இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது திரையில் தெரிய வேண்டும்.

கூடைக்குள் ஒரு பொருள் விழும்போது மூலையில் இருக்கும் எண் 0-இலிருந்து 1 ஆகிறது. பார்க்கிறவருக்கு அது போதும். கேட்கிறவருக்கு “கூடையில் சேர்ந்தது” என்று அறிவிப்பு வர வேண்டும். வராவிட்டால் சேரவில்லை போலிருக்கிறது என்று மறுபடி மறுபடி அழுத்துவார், மூன்று புடவைக்குப் பணம் கட்ட நேரும். 2023 நெறிமுறை, தொடும் பட்டன்கள் 24-க்கு 24 பிக்சல் அளவாவது இருக்க வேண்டும், அல்லது அவற்றுக்கிடையே போதிய இடைவெளி வேண்டும் என்கிறது. எண்ணிக்கையைக் கூட்டும் ‘+’ குறியும் பொருளை நீக்கும் குப்பைத்தொட்டிக் குறியும் ஒட்டி ஒட்டி இருக்கும் கூடைப் பக்கத்தை நினைத்துப் பாருங்கள்.

3. பணம் கட்டும் இடம்

கொள்முதல் அறுந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

முகவரிப் படிவத்தில் பின்கோடு ஓர் இலக்கம் குறைந்தால் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வருகிறது. ஏன் நகர மறுக்கிறது என்று பார்வையற்றவருக்கும் நிறக்குறைபாடு உள்ளவருக்கும் தெரியாது. “பின்கோட்டில் 6 இலக்கம் வேண்டும்” என்று எழுதினால் தீர்ந்தது. அதைத் தாண்டினால் கேப்சா. கோணல் எழுத்துப் படம் கண் தெரியாதவரைத் தடுக்கிறது. ஒலி மாற்று வைத்தால் அவர் தப்புவார், கண்ணும் காதும் இரண்டும் இல்லாதவர் அங்கேயே நிற்பார்.

அடுத்தது ஓ.டி.பி. கடையின் பக்கத்திலிருந்து வங்கியின் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறோம். வடிவமைப்பு வேறு, பழக்கம் இல்லாத பட்டன்கள் வேறு. குறுஞ்செய்தி வருகிறது. குரல் அதை இலக்கம் இலக்கமாகச் சொல்லாமல் “நான்கு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து...” என்று ஒரே தொகையாக வாசிக்கிறது. அதை மனத்தில் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய், ஆறு கட்டங்களில் ஒவ்வொன்றாக இட வேண்டும். இதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. கற்றல் குறைபாடு உள்ளவருக்கும், எண்களை வரிசை மாற்றிப் படிக்கிறவருக்கும், மெதுவாகத் தட்டச்சு செய்கிற முதியவருக்கும் இதே கதி. 2023 நெறிமுறையில் புதிதாகச் சேர்ந்த விதி ஒன்று, உள்ளே நுழைவதற்கு நினைவாற்றலையோ பார்த்தெழுதுவதையோ மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்கிறது. குறியீட்டை ஒட்டவோ தானாக நிரம்பவோ விட்டால் போதும். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் ஒட்டுவதையே தடை செய்திருக்கிற பக்கங்கள் உண்டு. ஒருவரைத் தன் பணத்தைத் தானே செலவழிக்க விடாமல் நிறுத்துவதைப் பாதுகாப்பு என்று நான் ஏற்க மாட்டேன். முடியாதபோது அவர் என்ன செய்வார்? அட்டையையும் ரகசிய எண்ணையும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுப்பார். எதைத் தவிர்க்க இந்த ஏற்பாடோ அதுவே நடக்கிறது.

வீட்டு வாசலில் ரொக்கமாகக் கொடுக்கலாமே என்பார்கள். 2016-க்குப் பின் வந்த நோட்டுகளின் அளவுகளில் வித்தியாசம் குறைவு, விரலால் பிரித்தறிவது சிரமம். அதற்காகவே ரிசர்வ் வங்கி 2020-இல் நோட்டின் மதிப்பைச் சொல்லும் ‘மணி’ என்ற செயலியை வெளியிட வேண்டி வந்தது.

இந்த இடத்தில் ஒரு தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் பணம் கட்ட வங்கிக் கணக்கோ வாலட்டோ வேண்டும். அவற்றைத் திறக்க, கேமரா முன் கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொல்லும் முறை பரவியிருக்கிறது. அமிலத் தாக்குதலில் கண்ணையும் இமையையும் இழந்தவர் எதைச் சிமிட்டுவார்? அத்தாக்குதலிலிருந்து மீண்ட பிரக்யா பிரசூன் என்பவரும் மற்றவர்களும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் தீர்ப்பளித்தனர். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று கூறி, 20 கட்டளைகளை இட்டார்கள். சிமிட்டுவதற்கு மாற்று வழி வைப்பது அவற்றில் அடங்கும்.

பணம் கட்டும் பக்கம் எங்களுடையது இல்லை, வேறு நிறுவனத்தினுடையது என்று கடைக்காரர்கள் சொல்வது வழக்கம். வாங்குகிறவருக்கு எல்லாம் ஒரே கடைதான். எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவது என்று தேர்ந்தெடுத்தது நீங்கள். அந்த ஒப்பந்தத்தில் இதையும் ஒரு நிபந்தனையாக எழுதுங்கள்.

4. பொருள் வந்த பிறகு

கண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். காது கேளாதவருக்குத் திரையில் சிக்கல் குறைவு, வாசலில்தான் அதிகம். பொருள் கொண்டுவருகிறவர் தெருமுனையில் நின்று கைபேசியில் அழைக்கிறார். எடுத்தாலும் பேச முடியாது. “வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை” என்று எழுதிப் பொருளைத் திருப்பிக்கொண்டு போகிறார். ஆர்டர் போடும்போதே “அழைக்க வேண்டாம், செய்தி அனுப்புங்கள்” என்று தேர்ந்தெடுக்க ஒரு வாய்ப்பு, அந்தக் குறிப்பு கொண்டுவருகிறவரின் கைபேசித் திரையில் பெரிதாகத் தெரிய ஓர் ஏற்பாடு. எவ்வளவு சிறிய வேலை!

திருப்பி அனுப்புவது இன்னொரு கண்டம். கிழிந்திருக்கிறது என்றால் கிழிசலைப் படம் பிடித்து ஏற்றச் சொல்கிறார்கள். விரலால் கிழிசலைக் கண்டுபிடித்த ஒருவர் அதைக் கேமராவின் சட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவார்? புகாருக்குத் தொலைபேசி எண் மட்டும் கொடுத்தால் காது கேளாதவர் வெளியே. அரட்டைப் பெட்டி மட்டும் கொடுத்து அதிலும் பெயரில்லாத பட்டன்களை வைத்தால் பார்வையற்றவர் வெளியே. இரண்டும் வேண்டும். பார்க்கப் பார்க்க நீண்டுகொண்டே போகும் பக்கங்களில், அடியில் இருக்கும் தொடர்பு முகவரியை விசைப்பலகையால் எட்டவே முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. நீதிமன்றங்கள் எதைப் பார்த்தன

அமெரிக்காவில் டார்கெட் என்ற சில்லறை வணிக நிறுவனத்தின் மீது பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு 2006-இல் வழக்குத் தொடுத்தது. படங்களுக்கு விளக்கம் இல்லை, மவுஸ் இல்லாமல் வாங்கி முடிக்க முடியவில்லை என்பவை குற்றச்சாட்டுகளில் முக்கியமானவை. 2008-இல் 60 லட்சம் டாலர் ஒதுக்கி, தளத்தைத் திருத்த ஒப்புக்கொண்டு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. டோமினோஸ் வழக்கும் அப்படியே: பார்வையற்ற ஒருவர் பீட்சா ஆர்டர் செய்ய முடியவில்லை என்பதுதான் புகார். 2019 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது; அக்டோபரில் நிறுவனத்தின் மனுவை விசாரிக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. இரண்டிலும் வாங்க முடிந்ததா என்பதே வழக்கின் உயிர்.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் நேரடியாகப் போயிற்று. 2019-இல் இயற்றிய அணுகல் சட்டத்தில் இணைய வணிகத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. அது 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன் 46-ஆம் பிரிவு அரசு, தனியார் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. சேவை தருகிற எவரும் அணுகல் விதிகளை, அவை அறிவிக்கப்பட்ட 2 ஆண்டுக்குள் நிறைவேற்ற வேண்டும். விதிகள் 2017-இல் வந்தன. ஆனால் கட்டாயம் என்று சட்டம் சொன்னதை விதி வெறும் பரிந்துரைகளாகத் தளர்த்திவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைச் சட்டத்துக்கு முரணானது என்றது. கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை 3 மாதத்தில் வகுக்கச் சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படியே நாட்டில் 2.68 கோடிப் பேர், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர் மாற்றுத்திறனாளிகள். அப்போது எண்ணியது 8 வகைகளை மட்டும்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

6. யார் செய்வது, எங்கே தொடங்குவது

வணிகர்கள் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. நாலு பேரை வைத்துக் கடை நடத்துகிற நான் இதையெல்லாம் எப்படிச் செய்வேன்? நியாயமான கேள்வி. ஐரோப்பியச் சட்டம்கூட, 10 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்து ஆண்டுக்கு 20 லட்சம் யூரோவுக்குள் வணிகம் செய்கிற சேவை நிறுவனங்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அந்த விலக்கை இங்கே அப்படியே கொண்டுவருவதை நான் விரும்பவில்லை. ஆரணியிலோ சின்னாளப்பட்டியிலோ இருக்கும் நெசவாளர் கடையைத் தானே நிரல் எழுதி உருவாக்குவதில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் கடை மென்பொருளை வாடகைக்கு எடுக்கிறார், அல்லது பெரிய சந்தைத் தளத்தில் இடம் பிடிக்கிறார். பட்டனுக்குப் பெயர் இருப்பதும், பிழை எழுத்தில் வருவதும், விசையால் பணம் கட்ட முடிவதும் அந்த மென்பொருளைச் செய்தவர் கையில் இருக்கிறது. பொறுப்பின் பெரும்பகுதி அவர்களைச் சேர வேண்டும். கடைக்காரருக்கு உரியது புடவையைச் சொல்லில் விரிப்பது. அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒரு வரி நிரலைச் சேர்த்தால் போதும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று விற்கிறார்கள். மூலையில் சக்கர நாற்காலிக் குறியோடு ஒரு பெட்டி தோன்றும். நம்பாதீர்கள். அப்படி விற்ற ஆக்செஸிபி நிறுவனம், எந்தத் தளத்தையும் நெறிமுறைக்கு ஏற்றதாக்கும் என்று தவறான உறுதி கொடுத்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 2025-இல் 10 லட்சம் டாலர் செலுத்த வைத்தது. தானியங்கிச் சோதனைக் கருவிகள் பயனுள்ளவை, ஆனால் அவையும் பாதி வழிதான். வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களை அப்படிச் சோதிக்கிறது. 2025-இல் 94.8 விழுக்காட்டில் பிழை. பக்கத்துக்குச் சராசரி 51. அதிகம் கண்ட பிழை மங்கலான எழுத்து. கருவியால் கண்டுபிடிக்க முடிந்தவை மட்டும் இவை. “இதுல எது விலை?” என்ற கேள்வி எந்தக் கருவிக்கும் எழாது. அதைக் கேட்க அந்தத் திரைவாசிப்பானோடு வாழ்கிற ஒருவர் வேண்டும். அவரை அழைத்து, நாள் ஊதியம் கொடுத்து, ஒரு பொருளைத் தேடுவதிலிருந்து திருப்பி அனுப்புவது வரை செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கேட்காதீர்கள். அது தொழில்நுட்ப வேலை.

மாணவர்களே, இறுதியாண்டுத் திட்டத்துக்கு இதை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு முறை சொல்கிறேன். முகப்புப் பக்கத்தில் தொடங்காதீர்கள். முகப்பு சரியில்லை என்றாலும், தேடுபொறி வழியாகவோ நண்பர் அனுப்பிய இணைப்பு வழியாகவோ ஒருவர் பொருளின் பக்கத்துக்கு வந்துவிடுவார். பணம் கட்டும் பக்கத்துக்கும் திருப்பி அனுப்பும் பக்கத்துக்கும் சுற்றுவழி கிடையாது. அந்த இரண்டையும் முதலில் எடுங்கள். மவுஸைக் கழற்றி வைத்து, திரையை அணைத்து, பேசும் குரலை மட்டும் வைத்துக்கொண்டு 1 ரூபாய் செலுத்திப் பாருங்கள், பிறகு அதைத் திரும்பப் பெற்றுப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அதைத் திருத்துங்கள். அடுத்து கூடை, அடுத்து பொருளின் பக்கம், அதற்கடுத்து தேடல் என்று பின்னோக்கி வாருங்கள். முகப்புப் பக்கம் கடைசியில் வரட்டும்.